அன்றைக்கு எனக்குக் கால் வலிக்கவில்லை

போன வியாழக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் மூக்கில் ஏறியது புங்கம்பூ வாசம்தான். தரையெல்லாம் பொரி கொட்டியதுபோல் பூ உதிர்ந்து கிடந்தது. மிதிக்காமல் நடக்க இடமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதன் மேலேயே குதித்து இறங்கி வரிசையில் நின்றார்கள். நான் சத்துணவுப் பாத்திரங்களை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தபோது அந்த சிமெண்டு பெஞ்சு கண்ணில் பட்டது. அதே மரம், அதே பெஞ்சு. ஒரு ஓரம் மட்டும் உடைந்து உள்ளே இருந்த கம்பி தெரிந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் வேறெதையும் பார்க்காமல், "கம்பிய இப்படியா துருப்புடிக்க உட்டு வச்சிருப்பானுவ" என்று அங்கேயே குனிந்திருப்பீர்கள்.

"அமைப்பாளரம்மா, நீங்க இந்த நெழல்ல ஒக்காந்து சாப்பாட்ட பாத்துக்குங்க. நாங்க உள்ள போயிட்டு ஒன்ற மணி நேரத்துல வந்துடுறோம்" என்றார் தலைமையாசிரியை.

ஒன்றரை மணி நேரம். அன்றைக்கும் அவ்வளவுதான்.

"இல்லீங்க டீச்சர். சாப்பாட்ட டிரைவர் அண்ணன் பாத்துக்குவாரு. நானும் உள்ள வரேன்" என்றேன். குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "வாங்களேன்" என்றார்.

அந்த அறிவியல் அருங்காட்சியகத்துக்குள் நான் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நம் மகளின் பிறந்தநாளுக்கு நாம் மூன்று பேரும் சேர்ந்து வந்தோமே, அன்றைக்கும் நான் உள்ளே வரவில்லை. கால் வலிக்கிறது என்று சொல்லி வெளியே உட்கார்ந்துவிட்டேன். அது பொய் என்பதை உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இப்போது காகிதத்தில் எழுத வேண்டியதாகிவிட்டது.

அந்தச் சித்திரையில் நீங்கள் மஸ்கட்டிலிருந்து நாற்பது நாள் லீவில் வந்தீர்கள். கயலை ஒன்றரை வயதில் பார்த்ததுதான். அப்புறம் கம்பெனி மாறியது, விசா தள்ளிப்போனது, இதோ அதோ என்று ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. திருச்சி ஏர்போர்ட் வாசலில் நீங்கள் கையை விரித்துக்கொண்டு வந்தபோது அவள் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போனில் தினமும் "அப்பா, அப்பா" என்று முத்தம் கொடுத்த பிள்ளைதான். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் இருந்த முகத்துக்கு இவ்வளவு உயரமும், வியர்வையும், சூடுபட்ட தழும்புகளோடு இவ்வளவு பெரிய கையும் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் விரித்த கையை அப்படியே மடக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டீர்கள்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். கயல் என் காதோடு கேட்பதாக நினைத்துக்கொண்டு வீடே கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏம்மா, இந்த அப்பா எப்ப திரும்பிப் போவாரு?"

நீங்கள் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அப்புறம், "சட்னி கொஞ்சம் போடு" என்றீர்கள். உங்கள் தட்டில் சட்னி நிறைய இருந்தது. நான் அதன் மேலேயே இன்னொரு கரண்டி போட்டேன்.

'இந்த அப்பா' என்றாள், கவனித்தீர்களா? போனுக்குள் இருந்தவர்தான் அவளுக்கு அப்பா. வந்திருந்தவர் வேறு யாரோ.

இதில் நான் உங்களிடம் மறைத்தது ஒன்று உண்டு. அவள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். நான் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

கோபப்படாமல் படியுங்கள். "எப்ப வருவீங்க, எப்ப வருவீங்க" என்று வருஷக்கணக்காகக் கேட்டவள் நான்தான். அது பொய்யில்லை. ஆனால் அந்த வருஷங்களில் எனக்கென்று ஒரு நடைமுறை உண்டாகியிருந்தது. பிள்ளையைக் கிளப்பிவிட்டு, சத்துணவுக் கூடத்தில் வேலையை முடித்து, மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு வெறுந்தரையில் படுப்பேன். பள்ளிக்கூடம் விட்டுக் கயல் வரும்வரை ஒரு மணி நேரம். டீவி போட மாட்டேன், தூங்கவும் மாட்டேன். சும்மா கிடப்பேன். நாளெல்லாம் யார் யாரோ என்னைக் கூப்பிடுவார்கள், கேட்பார்கள், அதட்டுவார்கள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் யாருடையதும் இல்லை.

நீங்கள் வந்ததும் அது போயிற்று. நம் பூலாம்பாடியில் பாதிப் பேர் உங்களைப் பார்க்க வந்தார்கள். எப்போதும் யாருக்காவது டீ கொதித்துக்கொண்டிருந்தது. சும்மா இருக்க உங்களுக்கு வராது. இரும்பு வாங்கி வந்து பற்றவைத்து, சமையல்கட்டுக்குப் பாத்திர ஸ்டாண்டு செய்து மாட்டினீர்கள். நல்ல வேலைப்பாடு. அதில் நீங்களே எல்லாவற்றையும் அடுக்கியும் வைத்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் அகப்படும் உப்பு ஜாடியை அன்றைக்கு நான் தேடித் தேடி எடுத்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்குங்க" என்றேன். கொல்லைப் பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அழவில்லை. மூச்சு முட்டியது, அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போதுதான் பிறந்தநாள் வந்தது.

"என்னடா தங்கம் வேணும் ஒனக்கு? திருச்சிக்குப் போயி துணி எடுப்பமா? ராட்டினம் ஏறுவமா?" என்று அவளிடம் கேட்டீர்கள். அவள் என் காதைத் தன் வாய்க்கு இழுத்தாள்.

"அரியலூருகிட்ட கல்லு மியூசியம் இருக்காம்மா. மிஸ் சொன்னாங்க. அங்கெல்லாம் முன்ன கடலா இருந்துச்சாம். நத்தையெல்லாம் கல்லாயிடுச்சாம்."

"அத அப்பாகிட்ட சொல்லு."

"நீ சொல்லு."

இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உங்களிடம் நான் அதைத் திருப்பிச் சொன்னேன். நீங்களும் என்னைப் பார்த்தே பதில் சொன்னீர்கள்: "போலாம்னு சொல்லு."

கார் வைக்கலாம் என்றீர்கள். பஸ்ஸே போதும் என்றேன். காருக்குள் மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பஸ்ஸில் ஊர்ச் சத்தம் இருக்கும்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எங்களை நிற்க வைத்துவிட்டு ஓடிப்போய்க் கேக் வாங்கி வந்தீர்கள். அரியலூர் பஸ் நகர்ந்த பிறகுதான் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பேரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. உங்கள் முகம் விழுந்துவிட்டது. "திங்கறதுக்குத்தான, படிக்கறதுக்கா?" என்று நான் சொன்னதும் கொஞ்சம் தெளிந்தீர்கள். சிமெண்டு லாரிகள் கிளப்பும் புழுதிக்கு நான் ஜன்னலைச் சாத்தினால், "கேக்குக்குக் காத்து வேணும்" என்று திறந்தீர்கள். அரியலூர் வரைக்கும் அந்தப் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்தபடி வந்தீர்கள். கயல் நடுவில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு முழுக்க என் மேல் சாய்ந்திருந்தது. உங்களுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்குச் சீட்டு காலியாகவே கிடந்தது. பஸ் வளைவில் திரும்பும்போதுகூட அவள் அந்தப் பக்கம் சாயவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது பஸ் பிடித்து இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நீங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அப்போதுதான் அந்தப் பெஞ்சைப் பார்த்தேன். நல்ல நிழல். யாரும் இல்லை.

"எனக்கு முட்டி ரொம்ப வலிக்குதுங்க. நான் இங்கயே ஒக்காந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"என்னாச்சு? காலைல நல்லாத்தான இருந்த?"

"மூணு பஸ் ஏறி எறங்குனது. ஒக்காந்தா சரியாயிடும். போங்க."

கயல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் ஒக்காந்துக்கறேன்" என்றாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். "ஒனக்குத்தான பொறந்தநாளு? ஒனக்குத்தான கல்லு பாக்கணும்? போ. போயி பாத்துட்டு வந்து எனக்கு எல்லாத்தையும் சொல்லு." அவள் உதடு பிதுங்கியது. நீங்கள் கையில் மூன்று டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றீர்கள். அப்புறம் அவள் முன்னால் நடக்க, அவளைத் தொடாமல் நாலடி பின்னால் போனீர்கள். வாசலில் அவள் திரும்பிப் பார்த்தாள். நான் முட்டியைத் தடவிக்காட்டினேன்.

உங்கள் இருவரையும் தனியே விட வேண்டும் என்றுதான் செய்தேன். நான் நடுவில் இருக்கிறவரைக்கும் அவள் உங்கள் பக்கம் சாயமாட்டாள் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். இது உண்மை. ஆனால் பாதி உண்மை.

முதல் பத்து நிமிஷம் காது வாசலிலேயே இருந்தது. அழுகைச் சத்தம் வந்தால் ஓடுவதற்குத் தயாராகச் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். சத்தம் வரவில்லை. பூ கூட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி, "ஏம்மா, உள்ள போவலியா?" என்றாள்.

"கால் வலிங்கக்கா."

"பாக்க நல்லாத்தான இருக்க?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினேன். கொண்டுவந்திருந்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்தேன். உங்களுக்கும் பிள்ளைக்கும் போடாமல் நான் முதலில் சாப்பிட்ட நாள் அது ஒன்றுதான். புளிசோறு, வறுத்த நிலக்கடலையோடு. மெதுவாகத் தின்றேன். யாரும் தண்ணீர் கேட்கவில்லை. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. தின்று முடித்துக் கையைக் கழுவிவிட்டு மரத்தில் சாய்ந்தேன். கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது மடியெல்லாம் பூ.

நீங்கள் வந்திருந்த அந்த நாற்பது நாளில் நான் நிம்மதியாக இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். நீங்கள் பக்கத்தில் இல்லாத ஒன்றரை மணி நேரம். இதைத்தான் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நீங்கள் இருவரும் வெளியே வந்தபோது கைகோத்துக்கொண்டு வந்தீர்கள். என்னால் நம்ப முடியவில்லை. "அம்மா, நத்தை இல்லம்மா, அதுக்கு வேற பேரு! இவ்ளோ பெருசு! அப்பாவால கூட தூக்க முடியாது, இல்லப்பா?" என்றாள் கயல். "ஆமாண்டா தங்கம், ரெண்டு ஆளு வேணும்" என்றீர்கள். தூக்கு மூடியின் விளிம்பால் கேக்கை வெட்டினோம். பாதி உருகிப் பெட்டியோடு ஒட்டியிருந்தது. அவள் முதல் துண்டை உங்களுக்கு ஊட்டினாள். ஊட்டிவிட்டு உங்களைப் பார்த்துக் கண்ணடித்தாள். நீங்கள் இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள்.

"என்னடி சிரிப்பு?"

"அது எங்களுக்குள்ள" என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் இரண்டாவது துண்டு எனக்கு வந்தபோது நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். மூன்று பேர் இருக்கிற இடத்தில் இரண்டு பேருக்கு ஒரு ரகசியம் இருந்தால் மூன்றாவது ஆள் என்ன செய்வது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் உங்கள் மடியில் படுத்துத் தூங்கினாள். நான் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து வந்தேன்.

லீவு முடிந்து ஏர்போர்ட்டில் உங்கள் பெட்டி வண்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான்தான் உங்களை அனுப்பிவிட்டேன் என்று நினைத்தாள்.

அதற்கப்புறம் நாலு வருஷத்தில் நீங்கள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்தீர்கள். கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை போட்டீர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே அங்கே போய்விடுவாள். வீட்டுப்பாடம் பட்டறையில், போண்டா பட்டறையில், சண்டை சமாதானம் எல்லாம் பட்டறையில். விளக்கு வைக்கிற நேரத்துக்கு இரண்டு பேரும் இரும்பு வாசத்தோடு வருவீர்கள். என் மூன்று மணி எனக்குத் திரும்பிக் கிடைத்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது. இப்போது அதுதான் உறுத்துகிறது. வீட்டிலிருந்து பட்டறைக்கு ஐந்து நிமிஷ நடை. மூன்றரை வருஷத்தில் ஒரு நாள் சாயங்காலமாவது எழுந்து வந்து ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உங்கள் இருவரோடும் உட்கார்ந்திருக்கலாம். நீங்களும் வா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் நான் சலித்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பீர்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ ஐப்பசியில் ஒரு நாள், மூன்றரை மணி இருக்கும். கதவு தட்டுகிற சத்தம். நான் தரையில் படுத்திருந்தேன். யாராவது ஏதாவது கேட்டு வந்திருப்பார்கள், போய்விடுவார்கள் என்று எழாமல் கிடந்தேன். மறுபடி தட்டியபோதுதான் எழுந்தேன். டீக்கடை அண்ணன் நின்றார். "பதறாத. நெஞ்சு வலின்னு ஒக்காந்தாரு. ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டோம். நீ வா" என்றார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் இல்லை. முதல் தட்டலுக்கே எழுந்திருந்தால் உங்களைப் பார்த்திருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஆட்டோ வரும்போதே முடிஞ்சுடுச்சும்மா" என்றார். நம்பினேன். ஆனாலும் அந்த முதல் தட்டல் இன்னும் கேட்கிறது.

அதற்குப் பிறகு அந்த மூன்று மணியில் என்னால் படுக்க முடியவில்லை. இப்போது நாள் முழுக்கவே வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை.

கயல் பதினொன்றாம் வகுப்பு. உங்கள் உயரம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். "சாப்ட்டியா?" "ம்." "காலைல எத்தன மணிக்கு எழுப்பட்டும்?" "நானே எழுந்துக்கறேன்." எங்கள் பேச்சு இவ்வளவுதான். உங்களோடு அவ்வளவு பேசியவளுக்கு என்னோடு பேச ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். ஒருவேளை டீக்கடை அண்ணன் அவளிடம் சொல்லியிருப்பாரோ, அம்மா சீக்கிரம் கதவைத் திறக்கவில்லை என்று. கேட்கத் தைரியம் வரவில்லை. ஒன்றரை வருஷமாக இரண்டு பேரும் ஆளுக்கொரு தட்டோடு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை உள்ளே போனேன் என்றேனே. பிள்ளைகளுக்குப் பின்னால் மெதுவாகப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு சுருண்டு கல்லாகிப்போன பிராணிகள். கல்லாகிப்போன மரம். அவற்றையா பார்த்தேன்? நீங்கள் எங்கே நின்றிருப்பீர்கள், அவள் எங்கே நின்றிருப்பாள், எந்த இடத்தில் கை கோத்திருப்பீர்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு சின்ன இருட்டறையில் பழைய கடலைப் பற்றிப் படம் போட்டார்கள். பிள்ளைகள் கத்தினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை என் புடவையைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்த இடம் இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

அன்றைக்கு ராத்திரி கயல் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகத் திரும்பினாள். அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"இன்னைக்கு அந்தக் கல்லு மியூசியத்துக்குப் போனேன்."

நின்றாள். "உள்ள போனியா?"

"போனேன்."

"அந்த இருட்டு ரூமு இருக்கா?"

"இருக்கு."

தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் முடியாது என்று தோன்றியது.

"கயலு, அன்னைக்கு எனக்குக் கால் வலிக்கல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அப்பா உள்ள போனதுமே சொல்லிட்டாரு."

அவள் சொல்லச் சொல்ல நான் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். சோறு கையிலேயே காய்ந்துவிட்டது. உள்ளே போனதும் முதல் பெட்டிக்கு முன்னால் நின்று அவள் அழ ஆரம்பித்தாளாம். நீங்கள் தொடவில்லையாம். குந்தி உட்கார்ந்துகொண்டு அவள் உயரத்துக்கு முகத்தை வைத்தீர்களாம்.

"அப்பா சொன்னாரு, 'எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஒங்கம்மா இல்லாம எனக்கும் ஒண்ணும் தெரியாது. அவளுக்குக் கால் வலியெல்லாம் இல்ல. நீயும் நானும் பேசணும்னுதான் வெளிய ஒக்காந்துட்டா. நாம பேசலன்னா பாவம், அவ ஒக்காந்தது வீணாப் போயிடும். வெளிய போறப்ப நல்லா பேசிக்கிற மாதிரி நடிப்பமா?'ன்னு. நான் சரின்னேன். எப்படி கைய புடிக்கணும், என்ன சொல்லணும்னு அங்கயே ரெண்டு தடவ நடிச்சுப் பாத்தோம். கல்ல தூக்க முடியாதுன்னு சொன்னது, கேக்கு ஊட்டுனது எல்லாம் அப்பா சொல்லிக் குடுத்ததும்மா."

"நடிப்பா?"

"ஆமா. ஒன்ன ஏமாத்திட்டோம்னுதான் அப்படிச் சிரிச்சோம்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. "எப்ப நடிப்பு நின்னுச்சுன்னு எனக்குத் தெரியலம்மா. பஸ்ல மடில படுத்தனே, அது நடிப்பில்ல."

எனக்காகச் சிரித்தீர்கள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்து என்னை ஒதுக்கிவிட்டீர்கள் என்று ஒன்பது வருஷம் வைத்திருந்தேன்.

அவளிடம் மீதியையும் சொன்னேன். உங்களிடம் சொல்லாததை. உங்கள் இரண்டு பேருக்காக மட்டும் நான் உட்காரவில்லை, தனியாக இருக்க வேண்டும் போல இருந்தது, தின்றேன், தூங்கினேன், நிம்மதியாக இருந்தேன் என்று. அப்பா நினைத்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை என்று. கதவை உடனே திறக்காததையும் சொன்னேன். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு. கதவ சாத்திக்கிட்டாத்தான் மூச்சு வருது. ஒன்மேல கோவமில்ல" என்றாள். "ஒனக்குப் புரியாதுன்னு நெனச்சேன்."

அன்றைக்கு அவ்வளவுதான் பேசினோம். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. இப்போதும் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் இந்தப் பக்கம் தனியாகத்தான் இருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பயப்படுவது மட்டும் நின்றிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவளே எழுந்து வந்து கொல்லைக் கதவில் சாய்ந்து நின்றாள். "அன்னைக்கு ஒண்ணு சொல்லாம உட்டுட்டேம்மா" என்றாள். "இருட்டு ரூமுல ஒரு பெரிய மீனு வாயத் தொறந்துச்சு. நான் பயந்துபோயி அப்பா வெரலப் புடிச்சுட்டேன். நெசமாவே புடிச்சேன். அப்பா படத்தப் பாக்கல. திரும்பி வாசப் பக்கமே பாத்துக்கிட்டிருந்தாரு. 'யாரப் பாக்கறப்பா?'ன்னு கேட்டேன். 'ஒங்கம்மா இத பாக்கலியேடா'ன்னாரு."

அவள் உள்ளே போய்விட்டாள். ஈரத் துணி கையில் இருக்க நான் நின்றுகொண்டே இருந்தேன். நீங்கள் விட்டுப்போனதில் வீடு இருக்கிறது, பட்டறை இருக்கிறது, அவள் இருக்கிறாள். ஆனால் நான் எங்கே போனாலும் கூடவே எடுத்துக்கொண்டு போவது நான் பார்க்காத அந்த ஒன்றைத்தான். அந்த இருட்டில் நீங்கள் திரும்பி என்னைத் தேடியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் நான் வெளியே நல்ல நிழலில், வயிறு நிறைய, தூங்கிக்கொண்டிருந்தேன்.